பேய்க்கு ஊரும் ஆண்டும் எழுதியவர்கள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளைச் சேர்ந்த ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் இணையவழிக் கூடும் எங்கள் வாசிப்புக் குழு, சில மாதங்களாகப் பழஞ்சீனத்துப் பேய்க்கதைகளைப் படித்துவருகிறது. ஒவ்வோர் அமர்விலும் யாரேனும் ஒருவர் கேட்டுவிடும் வினா ஒன்று உண்டு: "இது நம் ஊர்க் கதைதானே?" வினாவில் நியாயம் இருக்கிறது. 'ஆம்' என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. போதிதருமரைக் காஞ்சிபுரத்து இளவரசராக்கி, சீனத்துக்கு எல்லாம் நாமே கொடுத்தோம் என்று மார்தட்டும் வழக்கம் 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்தபின் பெருகியதை அறிவோம். அதே வழக்கம் பேய்க்கதைக்குள்ளும் நுழையப் பார்க்கிறது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற கணக்கு முடிந்தவுடன் கதையைப் படிப்பது நின்றுவிடுகிறது. யாருடைய இறப்பை, யார், எதற்காக இப்படி எழுதிவைத்தார் என்ற கேள்விக்கு அப்புறம் இடமே இல்லை. குழுவில் பேசியவற்றோடு நான் தனியே படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

முதலில் 'நம் ஊர்க் கதை' என்னும் எண்ணத்துக்கு வலுவான சான்றையே எடுத்துக்கொள்வோம். பூ சொங்லிங் (1640–1715) எழுதிய 'லியாவ்சாய்' கதைத்தொகுதியில் இயக்கர் நாட்டைப் பற்றிய கதை ஒன்று உண்டு. கடல் வணிகன் ஒருவன் புயலில் சிக்கி, குகைகளில் பெரும்பல்லர் வாழும் தீவொன்றில் ஒதுங்குகிறான். பச்சை மானைக் கிழித்துத் தின்னும் அவர்களுக்குத் தன் பையிலிருந்த உலர்ந்த இறைச்சியைக் கொடுக்கிறான். பிறகு சமைத்துப் போடுகிறான். சுவை கண்டவர்கள் அவனைக் கொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். தங்களுள் ஒருத்தியை மனைவியாகவும் கொடுக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் பிறக்கின்றன. இதைப் படித்த தமிழாசிரியர் ஒருவர் உடனே மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையைத் திறந்துவிட்டார். அங்கே சாதுவன் கலம் கவிழ்ந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, நக்க சாரணர் வாழும் நாகர் மலையில் கரையேறுகிறான். அவர்களும் அவனைத் தின்னவே வருகிறார்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருப்பதால் பிழைக்கிறான். அவர்களின் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தர முன்வருகிறான்.

இதுவரை இரண்டும் ஒன்றுபோலவே நடக்கின்றன. இதற்குமேல் வழி பிரிகிறது. சாதுவன் மூன்றையும் மறுத்து, மறுபிறப்பையும் கொல்லாமையையும் எடுத்துரைக்கிறான். தலைவன் மனம் மாறுகிறான். சீன வணிகனோ எதையும் போதிக்கவில்லை. அடுப்பு மூட்டுகிறான், குடும்பம் நடத்துகிறான், வாய்ப்புக் கிடைத்ததும் ஒரு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பின்னர் அம்மக்கள் படைத்தலைவர்களாக உயர, இயக்கியான தாயும் மனிதர் நகருக்கே வந்து சேர்கிறாள். கதையின் இறுதியில் ஆசிரியர், இயக்கியை மனைவியாகப் பெறுவது அரிய செய்தி என்பார்கள், எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக் கட்டிலிலும் ஒருத்தி இருக்கத்தான் செய்கிறாள் என்று நகையாடுகிறார். (எங்கள் குழுவில் பெண்கள் யாரும் இதற்குச் சிரிக்கவில்லை என்பதையும் பதிந்துவிடுகிறேன்.) ஒரே கடல், ஒரே கலமுடைவு, ஒன்று அறநூலாகிறது, மற்றொன்று குடும்பக் கதையாகிறது.

பெயரைப் பாருங்கள். அத்தீவினரைக் குறிக்கும் சீனச் சொல் 'யேச்சா'. வடமொழியில் யட்சர், தமிழில் இயக்கர் என வழங்கும் அதே சொல், பௌத்த நூல்களை மொழிபெயர்த்தோர் ஒலியை மட்டும் பிடித்து எழுதியது. எழுதப் பயன்பட்ட இரு எழுத்துகளுக்கு 'இரவு', 'கவை' என்று பொருள். அரக்கரைக் குறிக்கும் 'லுவோச்சா'வும் அவ்வாறே இராட்சதர் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. சொங் அரசவை 978இல் தொகுத்து முடித்த 500 சுருள் கொண்ட 'தைப்பிங்' கதைக் களஞ்சியத்தில் பேய்களுக்கு 40 சுருள்கள், இயக்கருக்கெனத் தனியே 2 சுருள்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அயற்சொல் ஒன்று அரசாங்கத் தொகுப்பின் வகைத்தலைப்பாகவே உயர்ந்துவிட்டது. ஆனால் நாம் ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது இச்செய்தி கண்ணில் படுவதில்லை. ஹெர்பர்ட் கைல்ஸ் 1880இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இக்கதையின் தலைப்பு 'மனிதரைத் தின்போர் நாடு' என்றாகிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவோர் அதையே பெயர்த்தால், நம்மிடம் உள்ள சொல்லை இழந்து எவரோ ஒருவரின் நரமாமிச பட்சிணியைப் பெறுவோம்.

இனி, மேற்படி பெருமிதம் ஏன் நிற்காது என்பதற்கு இன்னொரு கதை. காங் செங்குய் பெயரால் வழங்கும் பழைய உவமைச் சூத்திரத் தொகுப்பில், அந்தணன் ஒருவன் குளத்தில் நீராடிவிட்டு வாயிலிருந்து ஒரு குடத்தை உமிழ்கிறான். குடத்துக்குள் ஒரு பெண். அவன் உறங்கியதும் அவள் தன் வாயிலிருந்து மற்றொரு குடத்தை உமிழ்கிறாள். அதற்குள் ஓர் இளைஞன். பெண்ணைக் காவலில் வைக்க முடியாது என்பது அங்கே சொல்லப்படும் பாடம். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்து ஊ ஜுன் (469–520) எழுதிய கதையில் அந்தணன் இல்லை. யாங்சியான் ஊரைச் சேர்ந்த சூ யான் மலைவழியே வாத்துக்கூண்டு சுமந்து போகிறான். கால்வலி என்று வழியில் கிடந்த இளம் புலவன் கூண்டுக்குள் ஏறிக்கொள்கிறான். கூண்டு பெரிதாகவில்லை, அவன் சிறிதாகவில்லை, வாத்துகளும் மிரளவில்லை. பின்னர் மரத்தடியில் புலவன் வாயிலிருந்து விருந்தும் ஒரு பெண்ணும் வர, அவள் வாயிலிருந்து ஓர் ஆண் வர, அவன் வாயிலிருந்து மற்றொருத்தி வருகிறாள். எல்லாரும் மீண்டும் விழுங்கப்பட்டபின் புலவன் ஒரு பெரிய செப்புத்தட்டைப் பரிசாக விட்டுச் செல்கிறான். சூ யான் பிற்காலத்தில் அரசு ஆவணக் களரியில் அலுவலரானான் என்றும், அத்தட்டை உயர் அதிகாரி ஒருவருக்கு அளித்தான் என்றும், அதில் யோங்பிங் 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 60, என்று பொறித்திருந்தது என்றும் கதை முடிகிறது.

காங் செங்குய்யின் முன்னோர் நடுவண் ஆசியச் சொக்தியர். தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்தவர்கள். தந்தை வணிகத்துக்காக இன்றைய வட வியத்நாமுக்குப் பெயர்ந்தவர். இத்தகையவர் கைவழி வந்த கதையை எந்த நாட்டின் கணக்கில் வரவு வைப்பது? இன்னொன்றும் உண்டு. இது அயலிலிருந்து வந்த கதை என்பதை நாம் கண்டுபிடித்துச் சீனருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே துவான் செங்ஷி என்னும் தாங் காலத்து அறிஞர், வாத்துக்கூண்டுக் கதை உவமைச் சூத்திரத்திலிருந்து வந்தது என்று எழுதிவிட்டார். சீனப் புனைகதை வரலாறு எழுதிய லூ சுன் அவர் வழியிலேயே அதை விரித்துரைத்தார். சீனத்தில் தமிழ் வணிகர் வாழ்ந்ததற்குச் சுவான்சௌ நகரத்து 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அசைக்க முடியாத சான்று. அது சிவன் கோயிலைப் பற்றிப் பேசுகிறது, கதைகளைப் பற்றிப் பேசவில்லை. இரண்டையும் முடிச்சுப் போடும் உரிமை நமக்கு இல்லை.

எனக்கு வியப்பளிப்பது அந்தச் செப்புத்தட்டுதான். இந்தியக் கதையில் பாடம் இருந்த இடத்தில் சீனக் கதையில் ஒரு பொருளும், ஓர் ஆண்டும், ஓர் அலுவலர் பெயரும் வந்து அமர்ந்திருக்கின்றன. பழஞ்சீனத்தில் விந்தைக் கதை என்பது புனைவாக எண்ணி எழுதப்படவில்லை. வரலாற்றின் ஒரு கிளையாக, பெருநூல்களில் இடம் கிடைக்காத சிறு செய்திகளின் பதிவாக எழுதப்பட்டது. ஊர், பெயர், ஆண்டு ஆகியவை அதன் இலக்கணம். இவ்வகையின் தலைநூலான 'சௌஷென் ஜி'யை 4ஆம் நூற்றாண்டில் தொகுத்த கான் பாவ், ஜின் அரசவையில் வரலாறு எழுதும் பணியில் இருந்தவர். (30 சுருளாக இருந்த மூலம் சிதைந்துபோனது; இன்று படிக்கும் 20 சுருள் நூல் பிற்காலத்தார் மேற்கோள்களிலிருந்து திரட்டியது.) 1,300 ஆண்டுகளுக்குப் பின் பூ சொங்லிங்கும் கதை முடிவில் தம்மை 'விந்தைகளின் வரலாற்றாசிரியன்' என்றே அழைத்துக்கொண்டு கருத்துரைக்கிறார். சிமா சியான் தம் பெருவரலாற்றில் அத்தியாய முடிவுதோறும் கருத்துரைத்த முறை அது.

கான் பாவ் ஏன் பேய்களைத் தொகுக்கத் தொடங்கினார்? 648இல் நிறைவுற்ற 'ஜின் வரலாறு' அவர் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு காரணம் சொல்கிறது. அவர் தந்தைக்கு விருப்பமான பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். தந்தை இறந்து அடக்கம் நடந்தபோது, பொறாமை கொண்ட தாய் அவளை உயிரோடு கல்லறைக்குள் தள்ளிவிட்டாள். சிறுவர்களாயிருந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துத் தாயும் இறக்க, கல்லறையைத் திறந்தபோது அந்தப் பெண் பெட்டியின்மேல் உயிருள்ளவள்போல் கிடந்தாள். வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஒரு நாளில் கண் விழித்தாள். இறந்தவர் தனக்கு உணவும் நீரும் கொண்டுவந்து கொடுத்துக் காத்தார் என்றாள். பிறகு அவளுக்கு மணம் நடந்து குழந்தையும் பிறந்தது.

எங்கள் அமர்வில் இக்கதை நெடுநேரம் பேசப்பட்டது. பத்தாண்டு உயிரோடு இருந்திருக்க முடியுமா என்பதில் சிலர் நின்றுவிட்டார்கள். நான் கவனித்தது வேறு. வரலாற்றாசிரியர் ஒருவரின் வீட்டில், அவருடைய தாயே செய்த கொலை இங்கே பதிவாகியிருக்கிறது. ஒரு பணிப்பெண்ணைக் கல்லறைக்குள் தள்ளிய செய்தி, அதுவாக மட்டும் இருந்திருந்தால், எந்த அரசவை வரலாற்றிலும் ஏறியிருக்காது. அவள் மீண்டு வந்தாள் என்னும் விந்தையின் முதுகில் ஏறித்தான் அந்தக் குற்றம் ஏட்டுக்கு வந்தது. அப்போதும் அவள் பெயர் வரவில்லை. செப்புத்தட்டுக்கு ஆண்டு குறித்தவர்களின் மரபில் அவளுக்கு ஒரு பெயர் எழுத எவருக்கும் தோன்றவில்லை.

பேயை இந்தக் கோணத்தில் எண்ணுவது சீனத்தில் மிகப் பழையது. 'சோ மரபு' என்னும் நாளாகம உரையில், கி.மு. 535ஆம் ஆண்டின்கீழ் ஒரு நிகழ்ச்சி வருகிறது. செங் நாட்டில் எட்டாண்டுக்கு முன் கொல்லப்பட்ட போயூ என்னும் பிரபுவின் ஆவி, கவசம் பூண்டு கனவில் வந்து, இன்ன நாளில் இன்னாரைக் கொல்வேன் என்று சொல்லிச் சொல்லி நிறைவேற்றுகிறது. நகரமே நடுங்குகிறது. அமைச்சர் ஸி சான் மந்திரவாதியை அழைக்கவில்லை. போயூவின் மகனுக்குத் தந்தையின் பதவியை வழங்கினார், தொல்லை நின்றது. காரணம் கேட்டவர்களிடம், திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கும் பேய் தீங்கு செய்யாது, நான் அதற்கு இடம் அமைத்துக் கொடுத்தேன் என்ற பொருளில் விடை சொன்னார். பேயோட்டும் கலையில் இதைவிடத் தெளிந்த அரசியலை நான் படித்ததில்லை. பூ சொங்லிங்கின் புகழ்பெற்ற நியே சியாவ்சியென் கதையும் இதே நெறிதான். பதினெட்டு வயதில் இறந்து, பாழ்ங்கோயிலுக்கு அருகே புதைக்கப்பட்டு, கொடிய சக்தியொன்றுக்கு அடிமையாக்கப்பட்ட பெண், தன் எலும்புகளை எடுத்துப்போய் வேறிடத்தில் அடக்கம் செய்யும்படி வேண்டுகிறாள். 1987இல் ஹாங்காங்கில் வந்த திரைப்படத்தின் வழி இக்கதையை அறிந்தவர்கள் நம்மிலும் பலர்.

இங்கே தாராவிக்கு வருகிறேன். தோல் பதனிடும் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியோரில் திருநெல்வேலிச் சீமையினர் மிகுதி. அவர்களுடைய ஊர்த் தெய்வங்களில் பலர் அகால மரணமடைந்தவர்கள், கொல்லப்பட்டவர்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் அவர்களுள் ஒருவன். பார்ப்பனக் குலத்தில் பிறந்தவன்; பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் குலச் சகோதரியரை மணப்பதற்காகச் சாதியைத் துறந்து செருப்புத் தைத்தவன்; மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன். இன்றும் அவன் சந்நிதியில் தோற்செருப்பே காணிக்கை. ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இறந்தவனுக்குத் திரும்பிச் செல்ல இடம் அமைத்துக் கொடுப்பது என்றால் என்ன என்பதை ஸி சான் வந்து விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இடத்தையும் திருத்தி எழுதிவிட முடியும். முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அச்சகியரும் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று சொல்லும் வடிவம் பின்னாளில் புகுத்தப்பட்டது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். கலப்புமணத்தின் கூர்மையை மழுங்கடிக்க அந்த ஒரு திருத்தம் போதும். பேய்க்கதை ஒடுக்கப்பட்டோரின் குரல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கல்லறைப் பணிப்பெண்ணுக்குப் பெயர் இல்லாததும் பொம்மக்கா திம்மக்காவுக்குப் பிறப்பு மாற்றப்பட்டதும் அந்தக் குரல் யார் கையெழுத்தில் நமக்கு வந்து சேர்கிறது என்று கேட்க வைக்கின்றன.

பேய்கள் அரசன் பக்கமும் பேசும். கலிங்கத்துப்பரணியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரலாற்றைச் சொல்வதே பேய்கள்தாம். இமயத்திலிருந்து திரும்பிய முதுபேய் காளிக்குச் சோழர் குடிவழியை எடுத்துரைக்கிறது. போர்ச் செய்தியைக் கூளி வந்து கூறுகிறது. பிணக்களத்தில் கூழ் அட்டு உண்ணும் பேய்களிலும் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று வகை உண்டு. செயங்கொண்டாரின் நகைச்சுவைக்கு நான் என்றும் அடிமை. எனினும் அந்தக் களத்தில் கலிங்க வீரன் ஒருவனுடைய பேய் எழுந்து தன் தரப்பைச் சொல்வதில்லை. அவன் உணவாக மட்டுமே இருக்கிறான். பரணியின் பாட்டுடைத் தலைவனான முதற்குலோத்துங்கன் காலத்தில், 1077இல், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சொங் அரசவைக்குச் சென்றது. 40 சுருள் பேய்க்கதைகள் அந்த அரசவையின் தொகுப்பில் அமைந்து நூறாண்டு ஆகியிருந்தது. தூதர்கள் அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. இந்த அருகாமையை ஒரு குறிப்பாக மட்டும் வைக்கிறேன்.

பரணிக்கு நேரெதிர் முனையில் இருப்பவன் பூ சொங்லிங்கின் சி ஃபாங்பிங். இறந்த தந்தையை எதிரியின் கையூட்டுப் பெற்ற நரகக் காவலர்கள் அடிக்கிறார்கள் என்று அறிந்து, உயிர் உடலைப் பிரிந்து போய் வழக்குத் தொடுக்கிறான். நகரத் தெய்வம், மேலதிகாரி, நரகத்தின் அரசன் என ஒவ்வொரு படியிலும் பணம் முன்பே சென்றுவிட்டது. அவனை இரண்டாக அறுக்கிறார்கள், பொருத்துகிறார்கள், மீண்டும் வழக்குத் தொடுக்கிறான். மாநிலத் தேர்வில் வாழ்நாள் முழுதும் தோற்று, வீட்டாசிரியராகக் காலம் கழித்த ஒருவர், நீதிமன்ற நடைமுறையை இவ்வளவு நுணுக்கமாக நரகத்தில் வைத்து எழுதியதன் காரணம் ஊகிக்கக் கூடியதே. இந்நூல் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1766இல்தான் அச்சேறியது.

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. செம்பூரிலிருந்து ஹார்பர் தடத்தில் டாக்யார்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால், மசகாவ் பகுதியில் 1919இல் கட்டப்பட்ட 'சீ யுப்' சீனக் கோயிலைக் காணலாம். அங்கே வழிபடப்படும் குவான் கோங், கி.பி. 220இல் தலை வெட்டப்பட்ட படைத்தலைவர் குவான் யூ. இறந்தபின் தன் தலையைத் திருப்பித் தருமாறு அவர் ஆவி அலறித் திரிந்ததாக நாவல் மரபு சொல்லும்; பின்னர் பேரரசர்களே பட்டமளிக்கும் தெய்வமானார். நம் மாடன்களின் வரலாற்றிலிருந்து இது வெகுதொலைவில் இல்லை. மாட்டுங்காவுக்குக் கிழக்கே ஆண்டாப் ஹில் பகுதியில் சீனர் இடுகாடும் உண்டு. 1962 போரை ஒட்டி இந்தியச் சீனர் பலர் இராசத்தானின் தேவ்ளி முகாமில் அடைக்கப்பட்டார்கள். மும்பையிலும் அச்சமூகம் அதன்பின் சுருங்கிப்போனது. கல்லறைகளைத் துடைத்துப் படையலிடும் சிங்மிங் நாளில் அங்கே வருவதற்கு இன்று சில குடும்பங்களே எஞ்சியுள்ளன.

அடுத்த அமர்வில் சி ஃபாங்பிங் கதையைப் படிக்கிறோம். முத்துப்பட்டன் கதையின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பேச எண்ணம். தாராவியிலோ வேறெங்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொடைவிழாவில் பாடிய வில்லுப்பாட்டின் கையெழுத்து நோட்டுகள் இருந்தால் தெரிவியுங்கள். அச்சு நூலோடு அவை எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும். நகல் எடுக்கும்போது பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் முதற்பக்கத்தில் குறித்துவிடுங்கள்.